போட்டியின்றித் தெரிவானோர்: பிரித்தானிய நன்னடத்தை உத்தியோகத்தர் சங்கத்தின் தேர்தல்கள்

தொழிற்சங்கமொன்றின் நிருவாகிகள் தேர்தல் முதற்பக்கச் செய்தியாவதில்லை. சுரங்கத் தொழிலாளரோ புகையிரதச் சாரதிகளோ தமது பொதுச்செயலாளரைத் தெரிவு செய்தால் உட்பக்கத்தில் நான்கு வரி கிடைக்கலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் நீதிமன்றங்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் இடையே பணியாற்றும் நன்னடத்தை உத்தியோகத்தர்கள் தமது சங்கத்தின் தலைவரையும் உபதலைவர்களையும் பொருளாளரையும் தெரிவு செய்யும்போது அந்த நான்கு வரியும் கிடைப்பதில்லை. அகதிகளாய் வந்தோரும் அவர்தம் குடும்பத்தினரும் வாசிக்கும் ஏடொன்றில் இதற்கு இவ்வளவு இடம் ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்வோம்.

குற்றவாளியெனக் காணப்பட்ட ஒருவருக்குத் தண்டனை விதிக்குமுன் நீதிமன்றம் பல வழக்குகளில் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையைக் கோருகிறது. அந்த உத்தியோகத்தர் அவரை நேரிற் கண்டு, தேவையாயின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இடையில் இருத்தி, அவரது குடும்பம், தொழில், குடிப்பழக்கம், மனநிலை, முன்னைய வாழ்வு ஆகியவற்றை விசாரித்து எழுதுகிறார். சிறைத்தண்டனை வேண்டுமா, சமூகத்தில் இருந்தபடியே கண்காணிப்பின்கீழ் நிறைவேற்றும் கட்டளை போதுமா என்று ஆலோசனை கூறுகிறார். நீதிபதி அதனை ஏற்கவேண்டுமென்ற கட்டாயமில்லை. ஆயினும் அவர் முன்னால் நிற்பவரைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் முழுமையான சித்திரம் பெரும்பாலும் அந்த அறிக்கைதான்.

பிரித்தானியப் பிரஜைக்கு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறை. பிரஜாவுரிமை பெறாதவருக்கோ அது நாடு. 2007ஆம் ஆண்டின் எல்லைகள் சட்டம் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, நாடுகடத்துவதை உள்துறை அமைச்சரின் கடமையாக்கியது. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று நம்மவர் பலர் நிம்மதி கொள்வதுண்டு. ஆனால் 2022ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிம்மதியையும் குறைத்துவிட்டது. அகதியொருவரின் குற்றத்தைப் பாரதூரமான குற்றமாகக் கருதுவதற்கு முன்னர் இருந்த இரண்டாண்டுத் தண்டனை என்ற எல்லை 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. தாம் சமூகத்துக்கு ஆபத்தானவரல்லர் என்று நிரூபிக்கும் பாரமும் முன்போலவே அவர் தலையிலேயே இருக்கிறது. ஆகவே அறிக்கை எழுதும் உத்தியோகத்தரின் மேசையில் அன்றைய தினம் எத்தனை கோவைகள் இருந்தன, அவருக்கு ஒரு மணிநேரம் இருந்ததா அரைநாள் இருந்ததா என்பது வெறும் அலுவலக விடயமன்று. அந்தக் கோவைகளின் எண்ணிக்கையைப் பற்றி அரசாங்கத்துடன் வாதாடுவோர் எவர் என்பதே இத்தேர்தல்களில் தீர்மானமாகின்றது.

நன்னடத்தை உத்தியோகத்தர் என்ற சொல் எமக்குப் புதியதன்று. ஆங்கில ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், 1944இல், 42ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் இம்முறை இலங்கைக்கு வந்தது. ஊரில் சிறுவர் நீதிமன்றத்தோடும் அனாதைப் பிள்ளைகளின் பராமரிப்போடும் தொடர்புபடுத்தியே அவரை நாம் அறிந்திருந்தோம். ஆங்கில மண்ணில் அதன் தொடக்கம் மதுவிலக்கோடு சம்பந்தப்பட்டது. 1876இல் பிரெடரிக் றெயினர் என்ற அச்சுத்தொழிலாளர் இங்கிலாந்துத் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு ஐந்து ஷில்லிங் அனுப்பி, குடித்துவிட்டு மீண்டும் மீண்டும் பொலிஸ் நீதிமன்றங்களுக்கு வருவோருக்கு ஏதேனும் செய்யுமாறு கேட்டார். அதிலிருந்தே நீதிமன்ற மிஷனரிமார் உருவாயினர். 1907ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைச் சட்டபூர்வமான உத்தியோகத்தர்களாக்கியது. குற்றமிழைத்தவருக்கு ஆலோசனை கூறி, உதவி செய்து, நட்புப் பூண்டு நடத்தல் என்று அவர்களின் கடமையை அது வரையறுத்தது. அரசாங்கச் சட்டமொன்று நட்பைக் கடமையாக விதித்தது அபூர்வமான காரியம்.

ஐந்தாண்டுகள் கழித்து 1912இல் அவர்களுக்கொரு தேசியச் சங்கம் அமைந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி நாப்போ என்று அழைப்பது வழக்கம். இன்றுவரை அது தொழிற்சங்கமாகவும் தொழில்சார் சங்கமாகவும் ஒருங்கே இயங்குகின்றது. குடும்ப நீதிமன்றங்களில் பிள்ளைகளின் நலன் பற்றி அறிக்கை தருவோரும் அதன் உறுப்பினர்கள். சம்பளத்துக்காகப் பேரம் பேசுவதும், தண்டனை முறை பற்றி நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சியம் கூறுவதும், 1929 முதல் வெளிவரும் ஆய்விதழைப் பேணுவதும் ஒரே சங்கத்தின் வேலைகள். மருத்துவர்களையோ ஆசிரியர்களையோ எடுத்துக்கொண்டால் இவ்வேலைகள் பல அமைப்புகளிடையே பிரிந்து கிடக்கும். இவை ஒரே கூரையின் கீழ் இருப்பது நாப்போவின் பலம் என்பது எமது எண்ணம். ஊதியத்தைப் பற்றிப் பேசுபவரே நேர்மையைப் பற்றியும் பேசும்போது இரண்டையும் ஒன்றுக்கெதிராய் மற்றதை நிறுத்தி விலைபேசுவது மேலிடத்துக்குக் கடினமாகின்றது.

சங்கத்தின் அன்றாட அலுவலகத்தை நடத்துபவர் சம்பளம் பெறும் பொதுச்செயலாளர். தலைவர், உபதலைவர்கள், பொருளாளர் ஆகியோர் அவ்வாறானவர்கள் அல்லர். இவர்கள் தொழிலிலிருந்து வருபவர்கள். சங்க வேலைக்கென அவர்களைக் கடமையிலிருந்து விடுவிக்க வேலைகொள்வோர் ஒப்புக்கொள்ள வேண்டும். நேற்றுவரை நீதிமன்றில் அறிக்கை எழுதியவர் இன்று அமைச்சரின் முன் அமர்கிறார். பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் அறிக்கை எழுதப் போகிறார். தலைவர் பதவியை இருவர் பகிர்ந்துகொண்ட காலங்களும் உண்டு. சிறு பிள்ளைகளை உடையோரும் முதிய பெற்றோரைப் பராமரிப்போரும் தலைமைக்கு வர இடமளித்த ஏற்பாடு இது. நமது சங்கங்களும் இதனைக் கவனிக்கலாம்.

இத்தேர்தல்களைச் சட்டம் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டத்தின் பிறப்பு இச்சங்கத்தோடு சம்பந்தப்பட்டதன்று. தாட்சர் அம்மையாரின் அரசாங்கம் சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஆர்தர் ஸ்காகிலைப் போன்றோரை மனதிற் கொண்டு 1984இல், தொழிற்சங்கச் செயற்குழுவில் வாக்குரிமை உடையோர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உறுப்பினரின் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவாக வேண்டுமென விதித்தது. வாக்குரிமையைக் கைவிட்டால் தேர்தலைத் தவிர்க்கலாம் என்ற ஓட்டையை ஸ்காகில் பயன்படுத்தினார். 1988ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்ததோடு, வாக்கெடுப்பு முழுவதும் தபால் மூலமே நடைபெற வேண்டும், அதனைச் சங்கத்துக்கு வெளியேயுள்ள சுயாதீனக் கண்காணிப்பாளர் ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும் என்றும் விதித்தது. 1992ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த சட்டத்தில் இவையெல்லாம் அடங்கின. எந்த உறுப்பினரையும் நியாயமின்றி வேட்பாளராவதிலிருந்து விலக்கலாகாது. குறித்த அரசியற் கட்சியில் அங்கத்தவராயிருக்க வேண்டுமென்று கேட்கலாகாது. ஒவ்வொரு வேட்பாளரின் அறிக்கையும் அவருக்குச் செலவின்றி வாக்குச்சீட்டோடு அனுப்பப்பட வேண்டும்.

சங்கங்களை அடக்குவதற்கென இயற்றப்பட்ட இவ்விதிகள் தம்மளவில் நல்ல விதிகள் என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்கவில்லை. வாக்குப்பெட்டியைத் தூக்கிச் செல்வோரையும் பெயர்ப்பட்டியலைத் திருத்துவோரையும் பார்த்துப் பழகிய எமக்கு அவற்றின் அருமை தெரியும். ஆனால் அதே சட்டத்தில், அதிகம் பேசப்படாத சிறு பிரிவொன்றும் உண்டு. போட்டியில்லாவிடின் வாக்கெடுப்பு நடத்த வேண்டியதில்லை என்பதே அது. கள்ள வாக்கைத் தடுக்கச் சட்டம் இத்தனை பூட்டுகளைப் போட்டிருக்கிறது. வெற்று வேட்புமனுவுக்கு அதனிடம் எந்தப் பூட்டும் இல்லை.

இச்சங்கத்துக்கு வரும் ஆபத்து அந்தப் பக்கத்திலிருந்தே வருகின்றது. அதனை விளங்கிக்கொள்ள, நிருவாகிகள் என்ன செய்யவேண்டியிருந்தது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைப் பார்க்கலாம்.

முதலாவது 1995இல் நிகழ்ந்தது. உள்துறை அமைச்சர் மைக்கல் ஹவார்ட், நன்னடத்தை உத்தியோகத்தராவதற்குப் பல்கலைக்கழகத்திற் பெறும் சமூகப்பணித் தகைமை தேவை என்ற விதியை நீக்கினார். படையிலிருந்து ஓய்வுபெற்றோரை ஈர்க்கலாம் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயங்களில் ஒன்று. படையினர் எவ்வளவு ஒழுக்கமானோராயினும், கேள்வி அவர்களின் ஒழுக்கத்தைப் பற்றியதன்று. சிதறிய குடும்பமொன்றின் கதையை இருந்து கேட்கும் பயிற்சியைப் பற்றியது. சங்கம் எதிர்த்தது. 1997இல் ஆட்சி மாறியபின் ஜாக் ஸ்ட்ரோ உயர்கல்வியோடு இணைந்த பயிற்சியை மீளக் கொண்டுவந்தார். எனினும் சமூகப்பணியோடு இருந்த பழைய தொடர்பை அவரும் புதுப்பிக்கவில்லை. வெற்றி பாதியளவுதான். சங்கம் மௌனமாயிருந்திருந்தால் அந்தப் பாதியும் கிடைத்திருக்காது என்றே கொள்ளவேண்டியுள்ளது.

இரண்டாவது மிகப் பாரியது. 2013இல் நீதியமைச்சர் கிறிஸ் கிறேலிங் நன்னடத்தைச் சேவையைப் பிளக்கத் திட்டமிட்டார். பிரதேச ரீதியாக இயங்கிய 35 பொறுப்பு நிறுவனங்கள் 2014 யூனில் கலைக்கப்பட்டன. ஆபத்து மிகுந்தோரின் கண்காணிப்பும் நீதிமன்ற அறிக்கைகளும் அரச சேவையிடம் விடப்பட்டன. ஏனையோர் 21 கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர். 2015 பெப்ரவரியில் அக்கம்பனிகள் தனியார் கைகளுக்குச் சென்றன. ஒரே அலுவலகத்தில் அருகருகே அமர்ந்திருந்த இருவர் ஒரு காலையில் வெவ்வேறு எசமானர்களின் ஊழியராயினர். ஒரே மனிதனின் ஆபத்து நிலை உயர்ந்தால் அவனது கோவை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மட்டுமன்றி, ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கே செல்லவேண்டியதாயிற்று.

நாப்போவின் நிருவாகிகள் 2013 நவம்பரிலும் 2014 வசந்தத்திலும் வேலைநிறுத்தம் செய்வித்தனர். பின்னர் நீதிமன்றை நாடினர். 2014 டிசம்பரில், அரசாங்கத்திடமிருந்து சில உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்டு அந்த வழக்கைக் கைவிட்டனர். இம்முடிவு சரியா தவறா என்று உறுப்பினர்களிடையே கசப்பான விவாதம் எழுந்தது. எமது பார்வையில், தோற்றால் பெருந்தொகைச் செலவைச் சுமக்கவேண்டிய சிறு சங்கமொன்றின் நிருவாகிகளுக்கு அத்தருணத்தில் நல்ல தெரிவு எதுவும் இருக்கவில்லை. இருந்தும் அந்தத் தெரிவைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. பல்லாயிரம் உத்தியோகத்தரின் பெயரில், ஒரு சிலர் ஓர் அறையிலிருந்து முடிவு செய்தனர். அந்தச் சிலரை அவ்வறைக்கு அனுப்பிய வாக்கெடுப்புகள் நடந்த வேளையில் எத்தனை உறுப்பினர் அதைப் பற்றி யோசித்திருப்பர்?

பிளவின் விளைவுகள் வெளிவர நீண்டகாலம் செல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் அறிக்கையில் நன்னடத்தைச் சேவையின் பிரதம பரிசோதகர் கிளெனிஸ் ஸ்டேசி அம்மையார், சில இடங்களில் ஆறு வாரங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பே கண்காணிப்பாக இருந்ததை வெளிக்கொணர்ந்தார். 2019 பெப்ரவரியில், தென்மேற்கு இங்கிலாந்திலும் வேல்சிலும் மூன்று கம்பனிகளை நடத்திய நிறுவனம் வங்குரோத்து நிலையை எய்தியது. இலக்குகளை எட்டுவதற்காக, உரியவரைக் காணாமலே அவருக்கான திட்டங்கள் எழுதப்பட்டதைப் பரிசோதகர்கள் அங்கே கண்டிருந்தனர். இந்த மாதிரி சீர்திருத்த முடியாத அளவுக்குக் குறைபாடுடையது என்று அவ்வாண்டிலேயே ஸ்டேசி அம்மையார் தீர்ப்பளித்தார். 2021 யூன் 26 முதல் சேவை முழுவதும் மீண்டும் அரசாங்கத்திடம் வந்துசேர்ந்தது. ஏறத்தாழ இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே எச்சரித்த சங்கத்திடம் மன்னிப்புக் கேட்க எவரும் வரவில்லை.

ஆனால் பிளவு சங்கத்தின் உள்ளேயும் ஒரு வடுவை விட்டுச்சென்றது. ஒரே தொழில், இருபதுக்கு மேற்பட்ட எசமானர்கள் என்ற நிலையில் நிருவாகி ஒருவரை விடுவிக்க எந்த எசமானர் சம்மதிப்பார்? தேசியத் தலைவருக்குரிய நேரத்தைத் தனியார் கம்பனி தன் செலவாகப் பார்க்குமா? 2016ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், சங்க வேலைக்காக ஊழியருக்கு வழங்கப்படும் நேரத்தின் செலவை அரச நிறுவனங்கள் பகிரங்கமாக வெளியிடவேண்டுமெனவும் விதித்தது. பணத்தை வீணாக்குவோர் என்ற பெயருக்கு அஞ்சி அந்த நேரத்தைக் குறைக்கும் நெருக்குதலாகவே அது அமைந்தது. இவற்றோடு வேலைப்பளுவையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல உத்தியோகத்தர் ஒருவர் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டால், அவர் கண்காணிக்கும் மனிதர்களின் கோவைகள் அருகிலிருக்கும் சகபாடியின் தோளில் ஏறும். ஆட்பற்றாக்குறையுள்ள அலுவலகத்தில் மனச்சாட்சியுள்ளவரே முதலில் பின்வாங்குவார். இவ்வாறு, எந்தப் பளுவைக் குறைக்கத் தலைவர்கள் தேவைப்படுகின்றனரோ அந்தப் பளுவே தலைவர்கள் வருவதைத் தடுக்கின்றது.

வாக்காளர் பக்கமும் இதே கதைதான். நாப்போவை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. நன்னடத்தைச் சேவையின் ஊழியர் பலர் சேர்ந்துள்ள மற்றொரு சங்கமான யூனிசன், நாட்டின் மிகப்பெரிய சங்கங்களில் ஒன்று. 2021 தொடக்கத்தில் முடிவு வெளியான அதன் பொதுச்செயலாளர் தேர்தலில் வாக்களித்தோர் நூற்றுக்குப் பத்துப்பேர் வரையில். 2025 டிசம்பரில் அது ஏறத்தாழ 7 வீதம். யுனைட் சங்கத்தில் 2017இல் 12 வீதமளவில் இருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வேலைநிறுத்த வாக்கெடுப்பில் 50 வீதத்தினர் பங்குபற்றாவிடில் அது செல்லாதென்றது. அந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமைதாங்குவோரைத் தெரிவு செய்யும் வாக்கெடுப்புக்கு எந்தக் கீழெல்லையையும் அது வைக்கவில்லை. சங்கங்களின் சனநாயகம் பற்றிய கவலையே அச்சட்டத்தின் ஊற்று என்று கூறியோரிடம் இந்த முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்கவேண்டியிருக்கிறது.

தபாலில் மட்டுமே வாக்களிக்க வேண்டுமென்ற விதியும் வாக்குகளைக் குறைத்தது. இளம் உத்தியோகத்தர்கள் வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறுகின்றனர். வாக்குச்சீட்டு பழைய முகவரிக்கே செல்கிறது. இணைய வழியில் வாக்களிக்க அனுமதிக்கும் அதிகாரத்தை 2004ஆம் ஆண்டுச் சட்டமே அமைச்சருக்கு அளித்திருந்தது. அதுபற்றி ஆராய்ந்த சேர் கென் நைட் 2017 டிசம்பரில் அறிக்கை தந்தார். அதன்பின்னும் பல ஆண்டுகள் அரசாங்கங்கள் அசையவில்லை.

இதெல்லாம் சங்கத்தாரின் உள்வீட்டு விவகாரம் என்று விலகிச் செல்வோர், கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் 2022 யூனில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். எம்மவர் பலர் குடியிருக்கும் நகர் அது. சட்டம் பயின்ற இளம்பெண் ஒருவர் இரவில் வீடு திரும்பும் வழியில் கொலையுண்டார். கொன்றவன் சிறையிலிருந்து விடுதலையாகி ஒன்பதே நாள் ஆகியிருந்தது. அவன் நன்னடத்தைச் சேவையின் கண்காணிப்பில் இருந்தவன். உயர்ந்த ஆபத்துடையவனாக வகைப்படுத்தப்பட வேண்டியவன் நடுத்தர ஆபத்துடையவனாக வகைப்படுத்தப்பட்டிருந்தான். சந்திப்புகளுக்கு வராதபோது அவனைத் திருப்பிச் சிறைக்கு அழைக்கும் நடவடிக்கையும் தாமதமாயிற்று. 2023 யனவரியில் வெளிவந்த பிரதம பரிசோதகரின் அறிக்கை இத்தவறுகளோடு ஊழியர் பற்றாக்குறையையும் அளவுமீறிய வேலைப்பளுவையும் சுட்டிக்காட்டியது. நன்னடத்தை உத்தியோகத்தருக்கு நேரமில்லாதபோது இழப்புக்குள்ளாவோர் இரு பக்கத்திலும் இருக்கின்றனர். தேவையின்றிச் சிறைக்கும் அதன்பின் விமானத்துக்கும் அனுப்பப்படுபவர் ஒருவர். பாதுகாப்பாக வீடு சென்றிருக்கவேண்டியவர் இன்னொருவர். வேலைப்பளு என்பது சங்கத்தின் துண்டுப்பிரசுரச் சொல் என்று எண்ணுவோருக்கு இவ்வறிக்கை போதுமான பதில்.

தொழிற்சங்கம் வேண்டாம், தொழில்சார் அமைப்பு போதும் என்போரும் உளர். 2014இல் நாப்போ, யூனிசன், பிரதம உத்தியோகத்தரின் சங்கம், வேலைகொள்வோர் சங்கம் ஆகியவை சேர்ந்து தொழிலின் தரத்தைப் பேண ஒரு நிறுவனத்தை அமைத்தன. அமெரிக்காவில் 1975இல் தோன்றிய நன்னடத்தைச் சங்கம், களத்தில் நிற்போரையும் திணைக்களங்களின் மேலதிகாரிகளையும் ஒருங்கே உறுப்பினராகக் கொண்டு இயங்குகிறது. ஐரோப்பிய மட்டத்தில் 1981 முதல் உள்ள கூட்டமைப்போ சேவைகளையும் நிறுவனங்களையும் தன் உறுப்பினராகக் கொண்டது. இவற்றின் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பயிற்சியும் கருத்தரங்கும் ஆய்வும் அங்கே சிறப்பாக நடைபெறுகின்றன. ஆனால் கோவைகளைப் பங்கிடுபவரும் கோவைகளைச் சுமப்பவரும் ஒரே மேடையில் அமரும்போது, இவை தாங்க முடியாத அளவை எட்டிவிட்டன என்று யார் எழுந்து சொல்வது?

வெள்ளையரல்லாத உத்தியோகத்தரின் அனுபவம் இதனோடு சேர்ந்தது. 1980களில் கறுப்பின உத்தியோகத்தரும் ஆசிய உத்தியோகத்தரும் தமக்கெனத் தனித்தனிச் சங்கங்களை அமைத்தனர். நாப்போவின் மேடைகளில் தமது குரல் போதியளவு ஒலிக்கவில்லை என்ற உணர்வு அதற்கு ஒரு காரணம். 2017இல் டேவிட் லாமியின் ஆய்வு, மக்கள்தொகையில் 14 வீதமான சிறுபான்மை இனத்தவர் சிறையில் 25 வீதமாக இருப்பதை எடுத்துக்காட்டியது. 2021 மார்ச்சில் பரிசோதகர்கள் வெளியிட்ட அறிக்கை, நன்னடத்தைச் சேவைக்குள்ளேயே இச்சமூகத்து ஊழியரும் கண்காணிக்கப்படுவோரும் கவனிக்கப்படாத நிலையை விவரித்தது. இங்கு பிறந்து வளரும் எமது பிள்ளைகள் சட்டமும் உளவியலும் சமூகவியலும் படிக்கின்றனர். கணக்கியலும் மருத்துவமும் மட்டுமே தொழிலென்று எண்ணும் பெற்றோர் இத்தொழிலையும் அறிந்துவைத்தல் நன்று. சேர்பவர்கள் சங்கத்திலும் சேரவேண்டும். சேர்ந்தபின் வேட்புமனுப் படிவம் வரும்போது அதனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடலாகாது.

வேட்பாளரிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் உண்டு. வெளிநாட்டவரைப் பற்றிய தகவல்களை உள்துறை அமைச்சுக்கு அளிக்கும்போது உத்தியோகத்தரின் தொழில்சார் நெறி எங்கே நிற்கிறது? மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் நேர்காணலுக்கு இரட்டிப்பு நேரம் கணக்கிடப்படுகிறதா? இவை பற்றிக் கருத்துச் சொல்லும் தலைவர் வேண்டுமென்றால், முதலில் இரண்டு வேட்பாளர்கள் வேண்டும்.

உறுப்பினரல்லாத எமக்கு இத்தேர்தலில் வாக்கில்லை. ஆனால் பார்க்கும் உரிமை உண்டு. பிரித்தானியாவில் ஒவ்வொரு தொழிற்சங்கமும் தொழிற்சங்கங்களுக்கான சான்றளிப்பு அலுவலருக்கு ஆண்டுதோறும் கணக்கறிக்கை அனுப்பவேண்டும். அதில் உறுப்பினர் தொகையும் வரவு செலவும் நிருவாகிகளின் பெயர்களும் அடங்கியிருக்கும். அது எவரும் பார்க்கக்கூடிய பகிரங்க ஆவணம். இரண்டு மூன்று ஆண்டுகளின் அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், உறுப்பினர் தொகை எத்திசையிற் செல்கிறதென்பதும், எந்தப் பெயர்கள் மாறின, எவை மாறவில்லை என்பதும் தெரியவரும்.